காய்ச்சல் கற்பித்த பாடம்

1890 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரத்து இளஞ் சத்திரவைத்தியர் வில்லியம் கோலியிடம், 17 வயது யுவதியொருத்தி கை வீக்கத்துடன் வந்தாள். அது சார்க்கோமா என்னும் கொடிய கட்டி. கையைத் துண்டித்தும் நோய் உடலெங்கும் பரவிற்று. 1891 ஜனவரியில் அவள் இறந்தாள்.

கத்தியால் ஆகாததற்கு வேறு வழியுண்டோ என்று கோலி வைத்தியசாலையின் பழைய பதிவேடுகளைப் புரட்டலானார். அவற்றுள் ஒரு குறிப்பு அவரை வியப்பிலாழ்த்தியது. கழுத்திலே கட்டி வளர்ந்து, பிழைக்கமாட்டார் எனக் கைவிடப்பட்ட ஒருவருக்கு, தோல் சிவந்து கடுங்காய்ச்சல் தரும் எரிசிப்பலசு என்னும் கிருமி நோய் தொற்றியது. காய்ச்சல் தணிந்தபோது கட்டியும் கரைந்துவிட்டது. கோலி வீடு வீடாகத் தேடி, ஏறத்தாழ ஏழாண்டுகளின் பின் அம்மனிதரைச் சுகதேகியாகக் கண்டார்.

முள்ளை முள்ளால் எடுக்கத் துணிந்த கோலி, 1891 மே மாதத்தில் மற்றொரு நோயாளியின் கட்டிக்குள் அக்கிருமியைச் செலுத்தினார். பலமுறை ஊசியேற்றிய பின்னரே கடுங்காய்ச்சல் கண்டது, கட்டியும் சுருங்கியது. ஆனால், உயிருள்ள கிருமியால் இறந்தோரும் உளர். ஆகவே, கொல்லப்பட்ட இருவகைக் கிருமிகளின் கலவையை அவர் ஆக்கினார். 1893 இல் வயிற்றில் பெருங்கட்டியுடன் வந்த 16 வயதுச் சிறுவன் அதனாற் குணமடைந்து, மேலும் 26 ஆண்டுகள் வாழ்ந்தான்.

இருந்தும் வைத்திய உலகம் முழுமையாக நம்பவில்லை. ஐயத்திற்குக் காரணமும் இருந்தது. கலவையின் வீரியம் இடத்துக்கிடம் வேறுபட்டது; ஒருவருக்குப் பலித்தது இன்னொருவருக்குப் பலிக்கவில்லை; ஏன் பலிக்கிறது என்பதைக் கோலியாலும் விளக்க இயலவில்லை. 1895 இல் கண்டறியப்பட்ட எக்ஸ் கதிரோ அளந்து கொடுக்கத்தக்கதாயிருந்தது. 1936 இல் கோலி மறைந்தபோது அவர் முறையும் பெரும்பாலும் மங்கியிருந்தது.

அவர் பணியாற்றிய நினைவு வைத்தியசாலையின் வழிவந்த நிலையத்திலேயே, 1975 இல் லொயிட் ஓல்ட், எலிசபெத் கார்ஸ்வெல் முதலியோர் புதியதொரு செய்தியை வெளியிட்டனர். கிருமிப் பொருள்களை ஏற்றிய எலிகளின் இரத்தத்திலே கட்டியை அழியச் செய்யும் புரதம் ஒன்று இருந்தது. அதனைக் கட்டி நசிவுக் காரணி என்றனர். கோலி கண்ட பயனில், கிருமியை எதிர்த்து உடல் தானே சுரந்த இத்தகைய புரதங்களுக்கும் பங்குண்டு என்பது ஆராய்ச்சியாளர் கருத்தாயிற்று.

எனினும், அப்புரதத்தை நாளத்தில் ஏற்றியபோது இரத்த அழுத்தம் ஆபத்தாக வீழ்ந்தது. மருந்து நன்று, ஆனால் அது செல்லும் வழி தவறு. ஆகவே, நோயுற்ற கை அல்லது காலின் இரத்தோட்டத்தைச் சிறிது நேரம் பிரித்துவைத்து, அவ்வுறுப்பினுள் மட்டும் இப்புரதத்தையும் ஒரு புற்றுநோய் மருந்தையும் செலுத்தும் முறை 1992 இல் அறிவிக்கப்பட்டது. 1999 இல் ஐரோப்பா அதனை அங்கீகரித்தது. 2015 இல், நோயெதிர்ப்பைத் தூண்டும் புரதமொன்றைக் கட்டிக்குள்ளேயே ஆக்குமாறு மாற்றியமைத்த வைரசை மெலனோமா என்னும் தோற் புற்றுநோய்க்கட்டியில் நேரே ஏற்ற அமெரிக்கா அனுமதித்தது.

இம்முறைகள் எல்லோரையும் குணமாக்குவனவல்ல. ஆயினும், துண்டிக்கப்பட வேண்டியிருந்த கை கால்கள் பல இன்று காக்கப்படுகின்றன. 1890 இல் அவ்யுவதிக்கு வாய்க்காத வழி அது. அதனைத் தேடும் பயணம், பழைய பதிவேடொன்றில் எவரோ உண்மையாக எழுதிவைத்த ஒரு குறிப்பிலிருந்தே தொடங்கிற்று.