பத்தமடைப் பாயும் நம் பெண்களின் கைகளும்

அனஸ் (ரலி) அவர்களின் பாட்டியார் முலைக்கா (ரலி) ஒருநாள் உணவு சமைத்து அண்ணல் நபி (ஸல்) அவர்களை அழைத்தார். உண்டபின் நபியவர்கள் அவ்வீட்டாரைத் தொழுகைக்கு எழுப்பினார்கள். நெடுநாள் புழங்கிக் கறுத்துப்போன பாய் ஒன்றை அனஸ் எடுத்து, நீர் தெளித்தார். அதன் மீதே தொழுகை நடந்தது. ஸஹீஹுல் புகாரியில் வரும் இச்செய்தியில் நம் மனத்தில் நிற்பது அந்தக் கறுத்த பாய். ஒரு வீட்டில் எத்தனை ஆண்டுகள் உழைத்திருந்தால் பாய் கறுக்கும்!

அரபு மண்ணில் பேரீச்ச ஓலை செய்த வேலையைத் தாமிரபரணிக் கரையில் கோரை செய்தது. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் லெப்பைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்து வருகின்றன. (பிறர் நம்மைப் 'பாய்' என்று அழைப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை, அது சகோதரன் எனப் பொருள்படும் உருதுச் சொல்.) முரட்டுப் பாய் பல ஊர்களில் உண்டு. துணிபோல் மடித்து வைக்கக்கூடிய 'பட்டுப் பாய்' பத்தமடைக்கே உரியது. அவ்வூரில் இக்கலையை நுட்பமாக்கியவர் என ஹஸன் பாவா லெப்பையின் பெயரைச் சொல்வர். 1953ஆம் ஆண்டு எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் சென்றதை ஊரார் இன்றும் பெருமையோடு பேசுவர்.

அந்த மென்மை எளிதில் வருவதன்று. கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, உள்ளிருக்கும் சோற்றை நீக்கி, தண்டைக் கத்தியால் மெல்லிய இழைகளாகக் கீறவேண்டும். கீறும் கை சற்றுத் தடுமாறினாலும் இழை வீண். பிறகு காயவைத்து, ஓடும் ஆற்றுநீரில் சில நாட்கள் ஊறப் போடுவர். தண்டு உப்பிப் பதமாகும். மீண்டும் காய்ந்த பின்னரே தறிக்கு வரும். முரட்டுப் பாய்க்குக் கற்றாழை நாரும், மென்பாய்க்குப் பருத்தி அல்லது பட்டு நூலும் பாவாகும். சிவப்புச் சாயத்துக்கு முன்னாளில் பதிமுகக் கட்டையைக் கொதிக்க வைத்தனர். தரையோடு தாழ்ந்த தறியில், கோரையை ஒவ்வோர் இழையாகக் கையால் கோத்து நெய்யும் மென்பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும்.

இவ்வுழைப்பில் பெரும்பகுதி பெண்களுடையது. சமையலுக்கும் தொழுகைக்கும் இடையே, வீட்டை விட்டு வெளியேறாமல் ஈட்டிய பொருள் அது. பிள்ளைகளின் ஓதலும் மகளின் நகையும் அதிலிருந்து வந்தன. வணிகர் கைமாறும்போது விலை ஏறிய அளவுக்கு நெய்தவர் கூலி ஏறவில்லை என்பதே நம் மனக்குறை. புவிசார் குறியீடு பெயரைக் காத்தது. கூலியைக் காக்க அது போதவில்லை.

இதற்கிடையே நெகிழிப் பாய் வந்தது. விலை மலிவு, நீர்பட்டாலும் கெடாது, பளிச்சென்ற நிறம். நம் வீட்டுக் கூடங்களில் அது விரிந்தது. பள்ளிவாசல் வரிசைகளில் செயற்கை இழைக் கம்பளம் விரிந்தது. கோரை ஒருமுறை வேர்பிடித்தால் அறுக்க அறுக்கத் துளிர்ப்பது. பழுதானால் மண்ணோடு மண்ணாவது. நெகிழிப் பாய் கிழிந்தால் கிழிந்தபடியே குப்பை மேட்டில் கிடக்கும். இன்று கோரைப் பாய் என்று விசைத்தறியில் நெய்து விற்பவற்றிலும் பாவு பெரும்பாலும் செயற்கை நூலே. கோரை மக்கியபின் அந்நூல் மட்டும் மண்ணில் எஞ்சும். வாங்குவோர் பாயின் ஓரத்தைப் புரட்டி, பாவு பருத்தியா என்று கேட்பது நல்லது.

மென்பாயை இன்னும் உயிரோடு வைத்திருப்பவற்றுள் திருமணமும் ஒன்று. மணமக்கள் பெயரையும் மணநாளையும் நெய்து தரும் பாய்க்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நிக்காஹ் நாள் குறித்தவுடன் பத்தமடைக்குச் சொல்லி அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் சில உள்ளன.