காலை எடுக்கச் சம்மதிக்காத பெண்

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 82 வயதுப் பெண் ஒருவருக்கு இடது பாதத்தில் ஆறாத புண். விரல்கள் கறுத்துவிட்டன. காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள் சத்திரசிகிச்சை வைத்தியர்கள். அவர் சம்மதிக்கவே இல்லை. கத்தியில்லாமல் இரத்தக் குழாயைத் திறக்கும் வைத்தியம் பிறந்தது அந்தப் பிடிவாதத்தில்தான்.

அவரை ஏற்றுக்கொண்டவர் சார்ள்ஸ் டொட்டர். எக்ஸ்ரே படம் எடுக்கும் துறைக்காரர். நாளத்துக்குள் ஊசி செலுத்தி, அதன் வழியே மெல்லிய கம்பியை விட்டு, கம்பியின் மேல் குழாயை ஏற்றும் முறையை 1953இல் சுவீடனின் செல்டிங்கர் எழுதி வெளியிட்டிருந்தார். 1963இல் டொட்டர் ஒரு நோயாளிக்குப் படம் எடுக்கக் குழாயைச் செலுத்தியபோது, அது அடைபட்டிருந்த இடுப்பு நாளத்தைத் தானாகவே கடந்து போய்விட்டது. படம் எடுக்கிற குழாயாலேயே அடைப்பையும் திறக்கலாம் என்று அவர் அப்போதே கண்டுகொண்டார்.

1964 ஜனவரி 16ஆம் திகதி அந்தப் பெண்ணின் தொடை நாளத்தில் இருந்த இறுக்கத்துக்குள் முதலில் கம்பி போனது. அதன் மேல் ஒரு குழாய், அதற்கும் மேல் இன்னும் தடித்த குழாய். சில நிமிடங்களில் குளிர்ந்து கிடந்த பாதம் சூடாகியது. நாளடைவில் புண்ணும் ஆறியது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து இறக்கும்வரை அவர் தன் இரு கால்களாலேயே நடந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் டொட்டரை அவர் நாட்டில் பலர் நம்பவில்லை. சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவர் தன் நோயாளிக்குப் படம் கேட்டு அனுப்பிய படிவத்தில், படம் மட்டும் எடுங்கள், சரிசெய்ய முயல வேண்டாம் என்று எழுதியிருந்தார். அந்த வரியை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கசக்கிறது. முறையைக் கையில் எடுத்தவர்கள் ஐரோப்பியர்கள். ஜேர்மனியில் அதைக் கற்ற அன்ட்ரியாஸ் குரூன்சிக், குழாயைத் திணிப்பதைவிட உள்ளே பலூன் ஒன்றை ஊதினால் நல்லது என்று யோசித்தார். இறப்பர் பலூன் அடைப்பு உள்ள இடத்தில் ஒடுங்கி, இரு பக்கமும் உப்பிக்கொள்ளும். அளவுக்கு மேல் விரியாத பொருள் வேண்டும். சூரிச்சில் தன் வீட்டுச் சமையலறை மேசையில், உதவியாளர் மரியா ஷ்லும்ப்போடு பிவிசி குழாயை வெட்டி, சூடாக்கி, ஒட்டி, இரவிரவாகச் செய்து பார்த்தார்.

இலங்கையின் பிலிமத்தலாவையில் பித்தளை வார்க்கிற யாருக்கும் அந்த மேசை அந்நியமாகத் தெரியாது. மெழுகில் உருச்செய்து, மண் பூசி, சுட்டு, சரிவராததை உடைத்து மறுபடி தொடங்குகிறவர்கள் அவர்கள். வைத்திய வரலாற்றில் கைவினைக்குரிய இந்தப் பங்கை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

1974 பெப்ரவரியில் கால் நாளத்திலும், 1977 செப்டெம்பர் 16இல் 38 வயது ஆண் ஒருவரின் இருதய நாளத்திலும் குரூன்சிக்கின் பலூன் விரிந்தது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த இருதய நாளம் திறந்தே இருந்தது. அதைக் காண அவர் இல்லை. டொட்டரும் அவரும் 1985இலேயே இறந்துவிட்டார்கள். இன்று இதே வழியில் கம்பிவலைக் குழல் வைக்கிறார்கள். ஈரலில் உள்ள கட்டிக்கு இரத்தம் போகும் நாளத்தை அடைக்கிறார்கள்.

இருதயத்துக்குப் பலூன் வைப்பது பற்றி நம் ஊரில் பலருக்குத் தெரியும். காலுக்கும் அது உண்டு என்பது தெரிந்தவர்கள் குறைவு. தோட்டத்திலும் கடைத்தெருவிலும் சீனி வருத்தத்தோடு காலில் புண் வைத்திருப்பவர்கள், 'கால் எடுக்கணும்' என்ற சொல்லைக் கேட்டதும் தலைகுனிந்து கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கிருமி ஆழமாகப் பரவியிருந்தால் காலை எடுத்துத்தான் உயிரைக் காக்க முடியும். எல்லா அடைப்பையும் கம்பியால் கடக்கவும் முடியாது. ஆனால் கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி கேட்க நேரம் இருக்கும்: 'டொக்டர், காலுக்கு இரத்தம் போகுதான்னு பார்த்தீங்களா? அடைப்பு இருந்தா திறக்க முடியுமா?'