எழுத்து தெரியுது, வார்த்தை வரல

எங்க பெரியப்பா திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருந்தவர். ரெண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிஞ்சு வருஷக்கணக்காச்சு. ஆனாலும் பேப்பர் படிக்க முடியல. விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா தேய்ஞ்சுபோச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. "எழுத்து தெரியுது சாமி, வார்த்தைதான் வரமாட்டேங்குது" என்பார். தெருவுல தனியா நடக்கிறார், வண்டி வந்தா ஒதுங்குறார். அதனால வீட்டிலேயே சிலருக்குச் சந்தேகம்: படிக்க மட்டும் எப்படித் தெரியாமப்போகும்?

இந்தச் சந்தேகத்துக்குப் பின்னால ஒரு நீண்ட வரலாறு இருக்கு.

கண் ஆஸ்பத்திரிச் சுவரில் நாம் பார்க்கிற எழுத்து அட்டை 1862ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹெர்மன் ஸ்னெல்லன் வெளியிட்டது. அதற்கு எட்டு வருஷம் முன்பே, 1854ல், வியன்னாவில் எடுவார்ட் யேகர் பத்தி பத்தியாக வாசிக்கக்கூடிய அட்டைகளை அச்சிட்டிருந்தார். அதாவது, படிக்கவைத்துப் பார்க்கிற சோதனைதான் முதலில் வந்தது. ஆனால் யேகரின் அளவுகளுக்கு ஒரே சீரான கணக்கு இல்லை. பின்னால் வந்த அச்சகங்கள் தங்களிடம் இருந்த அச்செழுத்துகளை வைத்து அதே எண்களைப் போட்டார்கள், ஊருக்கு ஊர் அளவு மாறியது. ஸ்னெல்லனிடம் வடிவியல் கணக்கு இருந்தது. 6/6, 6/60 என்று சுருக்கமாக எழுதவும் முடிந்தது. அவர் அட்டை நிலைத்துவிட்டது.

அந்த அட்டை கேட்பது ஒரே கேள்விதான்: நிறுத்தி நிதானமாகப் பார்த்தால் உனக்குத் தெரிகிற மிகச்சிறிய எழுத்து எது? படிப்பது வேறு வேலை. மாக்குலா போனவர் கண்ணை ஓரமாகத் திருப்பி, விழித்திரையில் மிச்சமிருக்கும் நல்ல இடத்தால் பார்க்கிறார். ஓரப்பார்வையில் பக்கத்து எழுத்துகள் ஒன்றையொன்று நெருக்கிக் குழப்பும். இதை 1970ல் ஹெர்மன் பௌமா (இவரும் நெதர்லாந்துக்காரர்தான்) அளந்து காட்டினார். தனியாக நிற்கும் 'க' தெரியும், 'கணக்கு' என்ற சொல்லுக்குள் போனால் கரைந்துவிடும். பெரியப்பா சொன்னது அப்படியே இதைத்தான்!

அப்படியானால் ஒருவர் எவ்வளவு படிப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் லெக். சின்ன வயதிலிருந்தே குறைபார்வை உள்ளவர். 1985ல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு விஷயங்கள் முக்கியமாக நின்றன. கண்ணுக்குள் ஒளி வரும் பாதை கலங்கலா, தெளிவா? பார்வையின் மையம் உயிரோடு இருக்கிறதா, இல்லையா? இன்னும் பலரைச் சோதித்து 1992ல் எழுதினார்கள். ஸ்னெல்லன் அளவை மட்டும் வைத்து வாசிப்பு வேகத்தைக் கணிக்கவே முடியாது என்பது அதில் தெளிவானது.

எனக்கு அந்த இரண்டு கேள்விகளும் நம்ம ஊர்க் கதையாகவே தெரிகின்றன. மதுரையில் 1976ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1997ல் அது கோவைக்கும் வந்தது. ஊர் ஊராகக் கண் முகாம் நடந்து, கண்புரை என்பது ஒரு ஆபரேஷனில் தீர்கிற விஷயம் என்று தமிழ்நாடே பழகிவிட்டது. பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் புரை என்பது முதல் கேள்வி, கலங்கல். மாக்குலா ரெண்டாவது கேள்வி. லென்ஸ் மாத்தினால் முதலாவது சரியாகும், ரெண்டாவது அப்படியே இருக்கும். "ஆபரேஷன் பண்ணியாச்சே, இன்னுமா?" என்ற கேள்வி வருவது இங்கேதான்.

சட்டமும் ஸ்னெல்லன் பக்கம்தான். 2016ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையை 6/18 முதல் 3/60 வரை என்றோ, பார்வைப்புலம் 40 பாகைக்குக் கீழ் 10 வரை சுருங்கியது என்றோதான் சொல்கிறது. வாசிப்பு வேகம் அந்த வரையறையில் இல்லை.

லெக் கடைசியில் வந்து சேர்ந்த வழி ரொம்ப எளிமையானது: கணிக்காதே, படிக்க வை. 1989ல் கணினித் திரையில் தொடங்கி, பிறகு அட்டையாக வந்த எம்என்ரீட் சோதனையில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரே நீளம், எழுத்தளவு மட்டும் படிப்படியாகக் குறையும். எந்த அளவுக்குக் கீழே வேகம் சரியத் தொடங்குகிறதோ அதுதான் அவருக்குத் தேவையான எழுத்தளவு. எந்த உருப்பெருக்கி வாங்குவது என்பதை அதை வைத்து முடிவுசெய்யலாம்.

தமிழுக்கு வந்தால் சிக்கல் கூடுகிறது. 'கொ' ஒரு எழுத்து, ஆனால் மூன்று எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். 'போய்க்கொண்டிருக்கிறான்' ஒரே சொல், ஆங்கிலத்தில் அது மூன்று. நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. 2012ல் 17 மொழிகளுக்கு வாசிப்பு வேகப் பத்திகளை ஒரு சர்வதேசக் குழு வெளியிட்டது, அதில் தமிழ் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் தினத்தந்தியைக் கொடுத்து, செல்போனில் நேரம் பார்த்தேன். தலைப்புகளைத் தயங்கித் தயங்கிப் படித்துவிட்டார். செய்திக்கு வந்ததும் நின்றுவிட்டார். அதே செய்தியை ஜெராக்ஸ் கடையில் பெரிசு பண்ணிக் கொடுத்தேன். மெதுவாகத்தான், விரலை வைத்துக்கொண்டுதான், ஆனால் கடைசி வரி வரை போனார். நூல் விலை ஏறின செய்தி. படிச்சு முடிச்சதும், "கிலோவுக்கு இவ்வளவா?" என்று பெரியம்மாவைக் கூப்பிட்டுத் திட்டிக்கொண்டிருந்தார்.