தோல் ஈரப்பத ஊசி

தோல் ஈரப்பத ஊசி என்பது ஹையலுரோனிக் அமில ஜெல்லை அடித்தோலில் சிறுசிறு துளிகளாகச் செலுத்தி, வறட்சியையும் நுண்சுருக்கங்களையும் குறைக்கும் அழகியல் சிகிச்சை. வழக்கில் 'ஸ்கின் பூஸ்டர்' எனப்படும். இந்த அமிலம் உடலில் இயல்பாகவே உள்ளது. 70 கிலோ எடையுள்ளவரிடம் சுமார் 15 கிராம் இருக்கும். அதில் ஏறத்தாழ பாதி தோலில் தங்கி நீரைப் பிடித்துவைக்கிறது. வயது ஏற ஏற மேல்தோலில் இதன் அளவு குறைகிறது.

வரலாறு

1934-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணின் உள்ளிருக்கும் கூழ்மத்திலிருந்து ஹையலுரோனிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். 1937-இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் உறையிலும் இது இருப்பது தெரியவந்தது; நொதித்தல் மூலம் நடக்கும் இன்றைய உற்பத்திக்கு அதுவே அடிப்படை. ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பலாஸ், 1942-இல் ரொட்டித் தயாரிப்பில் முட்டை வெள்ளைக்கருவுக்கு மாற்றாக இதற்குக் காப்புரிமை கோரினார். பிற்பாடு சேவல் கொண்டையிலிருந்து அழற்சி உண்டாக்காத தூய வடிவை எடுத்தார். அது 'ஹீலான்' என்ற பெயரில் 1980 வாக்கில் கண்புரை அறுவைக்கு வந்தது.

தோலுக்குள் செலுத்திய தூய அமிலம் சில நாள்களில் சிதைந்துவிடும். மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்து இக்குறையைப் போக்கினர். இவ்வகையில் சுவீடனின் கியூ-மெட் நிறுவனம் உருவாக்கிய 'ரெஸ்டிலேன்' 1996-இல் ஐரோப்பாவிலும் 2003 டிசம்பரில் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது.

வகைகள்

பிணைப்பில்லாதவை, இலேசான பிணைப்புள்ளவை என இருவகை. பிணைப்பு மிகுந்த ஜெல்கள் கன்னத்தையும் உதட்டையும் பருமனாக்கும் 'ஃபில்லர்' இனத்தைச் சேர்ந்தவை. நிறம் வெளுக்கப் போடும் குளுட்டாதயோன் ஊசி இவ்வகையில் அடங்காது.

செய்முறை

மரத்துப்போகச் செய்யும் களிம்பைப் பூசி, அரைமணி நேரம் கழித்து மெல்லிய ஊசியால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கன்னம், கழுத்து, புறங்கை ஆகியவற்றில் குத்துவர். குத்திய இடங்கள் கொசுக்கடிபோலத் தடித்து ஓரிரு நாளில் அமுங்கும். சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை செய்வது வழக்கம். பலன் பல மாதங்கள் நீடிக்கும்.

தீமைகள்

வீக்கமும் இரத்தக்கட்டும் பொதுவானவை. ஜெல் இரத்தக்குழாயை அடைத்தால் தோல் அழுகலாம். அரிதாகப் பார்வையும் போகலாம். அடைப்பைக் கரைக்க ஹையலுரோனிடேஸ் நொதி உடனே செலுத்தப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் தோல்தொற்று உள்ளவர்களுக்கும் இது பரிந்துரைக்கப்படுவதில்லை.

இன்றைய நிலை

இந்தியப் பெருநகரங்களில் இச்சிகிச்சை பரவலாக உள்ளது.