வீடு ஒரு விலக்கு

'வேவர்' என்ற வார்த்தை எனக்குக் கல்லூரியில்தான் அறிமுகம். ஃபீஸ் கட்ட முடியாதவர்கள் விண்ணப்பம் எழுதிக்கொண்டு பிரின்சிபால் அறை வாசலில் நிற்பார்கள். கட்டணம் கட்டுவதுதான் விதி. விதி அப்படியேதான் இருக்கும். 'உனக்கு மட்டும் இந்தத் தடவை விட்டுடறோம், போ' என்பதுதான் வேவர்.

பிறகு அமெரிக்க நலத்திட்டங்களின் வரலாற்றைப் படித்தபோது அதே வார்த்தை வேறு இடத்தில் எதிர்ப்பட்டது. படுக்கையிலிருந்து தானாக எழ முடியாத முதியவரோ, கை கால் இயங்காத இளைஞரோ, அரசுச் செலவில் ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டு சொந்த வீட்டிலேயே வாழ்வதற்கு அங்கே பெரும்பாலும் ஒரு 'வேவர்' வேண்டும். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் இருப்பது விலக்கு என்றால், விதி என்ன?

விதி எப்படி உருவானது என்று பார்க்க 1935க்குப் போக வேண்டும். அதுவரை கதியற்ற முதியவர்கள் போய்ச் சேர்ந்த இடம், உள்ளூர் நிர்வாகங்கள் நடத்திய ஏழை விடுதிகள். அவற்றின் பெயரைக் கேட்டாலே மக்கள் பயந்தார்கள். அந்த வருடம் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஏழை முதியவர்களுக்கு உதவித்தொகை தந்தது. ஆனால் அரசு விடுதிகளில் இருப்பவர்களுக்கு அது கிடையாது என்றும் சொன்னது. விடுதிகளை ஒழிப்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் கவனிப்பு தேவைப்பட்டவர்கள் கையில் காசோடு எங்கே போவார்கள்? தனியார் நடத்திய தங்கும் இல்லங்களுக்குப் போனார்கள். அவைதான் மெல்ல மெல்ல 'நர்சிங் ஹோம்' ஆயின. நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவம் பார்க்கிற சின்ன ஆஸ்பத்திரி. அங்கே அப்படியில்லை. பலர் உள்ளே போனால் சாகும்வரை அங்கேயேதான்.

1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் ஏழைகளுக்கான 'மெடிக்கெய்ட்' திட்டம் பிறந்தது. மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து செலவு செய்யும் திட்டம். அதில் நர்சிங் ஹோம் செலவு, மாநிலங்கள் கட்டாயம் ஏற்க வேண்டிய பட்டியலில் வந்தது. வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி, உடை மாற்றி, சோறு ஊட்டிவிடும் உதவி அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. 'மாநிலம் விரும்பினால் தரலாம்' என்ற நிலைதான் பிறகும் அதற்குக் கிடைத்தது. யாரையும் அடைத்துவைக்கச் சொல்லி அந்தச் சட்டம் சொல்லவில்லை. பணம் எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் சொன்னது. ஆட்களும் அந்தப் பக்கமே போனார்கள்.

இந்த அபத்தத்தை நாடறியச் செய்தது ஒரு குழந்தை. அயோவா மாநிலத்தின் சீடர் ரேபிட்ஸ் ஊரில் 1978இல் பிறந்த கேட்டி பெக்கெட், கைக்குழந்தையாக இருந்தபோதே மூளைக்காய்ச்சல் வந்து, செயற்கை சுவாசக் கருவியை நம்பி வாழ வேண்டியதானது. மூன்று வயதில் வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை வந்தது. ஆனால் மருத்துவமனையில் இருக்கும்வரை பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுக்காத மெடிக்கெய்ட், வீட்டுக்குப் போனால் எடுத்துக்கொள்ளும், உதவி நின்றுவிடும். வீட்டில் வைத்துப் பார்த்தால் செலவோ மிகக் குறைவு. 1981 நவம்பரில் அதிபர் ரீகன் பத்திரிகையாளர்கள் முன்னால் இதை அரசாங்கக் கிறுக்குத்தனத்துக்கு உதாரணமாகச் சொன்னார். அடுத்த மாதமே கேட்டி வீட்டில் இருந்தாள். வளர்ந்து, பட்டம் வாங்கி, மாற்றுத்திறனாளிகளுக்காகப் பேசிக்கொண்டே இருந்து, 34 வயதில் 2012இல் இறந்தார்.

அதே 1981இல்தான் வேவரும் சட்டத்தில் ஏறியது. மாநிலங்கள் மத்திய அரசிடம் விண்ணப்பித்து, வீட்டுப் பராமரிப்புக்குப் பணம் செலவிடலாம். நிபந்தனைகள் உண்டு. செலவு, சராசரியாக, நிறுவனத்தில் ஆவதைத் தாண்டக் கூடாது. இத்தனை பேருக்குத்தான் என்று மாநிலம் உச்சவரம்பு வைக்கலாம். நர்சிங் ஹோமுக்குத் தகுதி இருந்தால் அது உரிமை. அதே தகுதியோடு வீட்டில் இருக்கக் கேட்டால், 'க்யூவில் நில்லுங்க'.

அந்தக் க்யூவை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஜார்ஜியாவின் இரண்டு பெண்கள், லோயிஸ் கர்ட்டிஸும் எலைன் வில்சனும். இருவருக்கும் அறிவுசார் குறைபாடும் மனநலப் பிரச்சினையும் இருந்தன. இருவரும் அட்லாண்டாவில் ஒரே அரசு மனநல மருத்துவமனையில் இருந்தார்கள். கர்ட்டிஸ் வெளியே வாழலாம் என்று அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களே 1993இல் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் 1996 வரை உள்ளேதான் இருந்தார். இலவச சட்ட உதவி வழக்கறிஞர் சூ ஜேமிசன் 1995இல் போட்ட வழக்கில், 1999 ஜூன் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேவையில்லாமல் ஒருவரை நிறுவனத்தில் ஒதுக்கிவைப்பது, 1990ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி பாகுபாடு என்று எழுதினார் நீதிபதி கின்ஸ்பர்க். பெரிய வெற்றி. ஆனால் காத்திருப்போர் பட்டியல் நியாயமான வேகத்தில் நகர்ந்தால் போதும் என்பதற்கும் அந்தத் தீர்ப்பில் இடமிருந்தது. கர்ட்டிஸ் வெளியே வந்து ஓவியரானார். 2011இல் வெள்ளை மாளிகைக்குப் போய் ஒபாமாவுக்குத் தன் ஓவியம் ஒன்றைக் கொடுத்தார்.

கதையை இங்கேயே முடிக்கலாம்தான். ஆனால் வீட்டுக்கு வந்தவரை யார் தூக்கி உட்காரவைக்கிறார்கள்? அங்கே எனக்கு இரண்டாவது விலக்கு கிடைத்தது. குறைந்தபட்சக் கூலிக்கான 1938ஆம் வருடச் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1974இல் சேர்த்தார்கள். அப்போதும் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் 'துணையாக இருப்பவர்கள்' மட்டும் விலக்கு. சும்மா பேச்சுத்துணைதானே என்ற கணக்கு. ஜமைக்காவிலிருந்து வந்து நியூயார்க்கில் இருபது வருடம் இந்த வேலை செய்த ஈவ்லின் கோக், சில சமயம் 24 மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்தவர். ஓவர்டைம் கேட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார். 2007இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, விதி விதிதான் என்றார்கள். 2009இல் அவர் இறந்தார். ஏஜென்சிகள் மூலம் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த விலக்கை நீக்கும் விதி 2013இல்தான் வெளியானது.

இரண்டு விலக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வீட்டில் வாழ்வது சலுகை. வீட்டில் கவனிப்பது வேலையே அல்ல. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்பு: 'இதெல்லாம் குடும்பத்துல யாராவது பாத்துக்குவாங்க.' அந்த யாராவது பெரும்பாலும் ஒரு பெண். காசுக்கு வருபவரும் பெரும்பாலும் பெண்தான். கறுப்பினத்தவராகவோ வேறு நாட்டிலிருந்து வந்தவராகவோ இருப்பது அங்கே சகஜம்.

2013இல் முதல்முறையாக, மெடிக்கெய்டின் நீண்டகாலப் பராமரிப்புச் செலவில் பாதிக்குமேல் வீட்டுக்கும் சமூகத்துக்கும் போனது. எண்ணிக்கையில் விலக்கு விதியைத் தாண்டிவிட்டது. ஆனாலும் வேவருக்கான பட்டியல்களில் 2024இல் சுமார் 7 லட்சம் பேர் இருந்தார்கள். பணத் தட்டுப்பாடு வந்தால் மாநிலங்களால் எளிதாகக் கைவைக்க முடிவது, கட்டாயம் இல்லாத பக்கத்தில்தான்.

எங்கள் கல்லூரியில் வேவர் கிடைக்காதவன் கடன் வாங்கியாவது ஃபீஸ் கட்டினான். இந்தப் பட்டியலில் பெயர் மேலே வரும்வரை, மகளோ மகனோ வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். அப்படி யாரும் இல்லாதவருக்கு நர்சிங் ஹோமில் ஒரு படுக்கை. அதற்கு வேவர் தேவையில்லை.