ஒளுவும் ஆஜரும்: ஓர் எழுத்து வந்த இரண்டு வழிகள்

முத்தையாபுரத்தில் மாலை மக்தப் முடிந்ததும் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு சொல் சொல்லி அனுப்புவது வழக்கம். ஒரு நாள் இலக்கணம், ஒரு நாள் வரலாறு, ஒரு நாள் பொது அறிவு என்று கலந்து போகும். சென்ற வாரம் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் கேள்வியை என் பக்கம் திருப்பினான்.

“ஹஜ்ரத், எங்க உம்மம்மா ஒளுன்னு சொல்றாங்க. வேலூர்ல இருந்து வந்த மாமி வுஜூங்கிறாங்க. யாரு சொல்றது தப்பு?”

இரண்டும் தப்பில்லை. அரபியில் உள்ள ‘ளாத்’ என்ற ஒரே எழுத்துத்தான் இரண்டிலும் இருக்கிறது. அரபு மொழிக்கே ‘ளாத்துடைய மொழி’ என்றொரு பெயர் உண்டு. அந்த ஒலி தமிழில் இல்லை. பாரசீகத்திலும் இல்லை. நம் முன்னோர்கள் அதற்கு மிக அருகில் கேட்ட ‘ள’வை எடுத்துக்கொண்டார்கள். ரமளான், ஒளு, பர்ளு, ளுஹா எல்லாம் அப்படி வந்தவை. பாரசீகர்கள் அதை மெல்லிய ‘ஸ்’ போல அதிரவிட்டு உச்சரித்தார்கள். உருது அதை வாங்கியது, தமிழ் எழுத்தில் அது ‘ஜ’ ஆயிற்று: ரம்ஜான், வுஜூ, ஃபர்ஜ். அரசு விடுமுறைப் பட்டியலில் ரம்ஜான் என்றும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ரமளான் என்றும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பிள்ளைகளை வியக்க வைத்தது அடுத்த செய்தி. நீதிமன்றத்திலும் தாலுகா அலுவலகத்திலும் எல்லாச் சமயத்தவரும் பேசும் ஆஜர், ஜாமீன், ஜப்தி, ஜில்லா, ராஜி ஆகிய ஐந்திலும் அதே ளாத் ஒளிந்திருக்கிறது. ஹாளிர் (வந்து நிற்பவர்) ஆஜர் ஆனது. ளாமின் (பொறுப்பேற்பவர்) ஜாமீன். ளப்த் (பிடித்துவைத்தல்) ஜப்தி. ளில்உ என்றால் விலா எலும்பு, பக்கம், அது ஜில்லா. ராளி (பொருந்திக்கொண்டவர்) ராஜி ஆகி, கடிதத்தைக் குறிக்கும் ‘நாமா’ என்ற பாரசீகச் சொல்லோடு சேர்ந்து ராஜிநாமாவும் ஆயிற்று. இவை தரை வழியாக, பாரசீகத்தில் நிர்வாகம் நடத்திய ஆட்சிகளோடு தெற்கே இறங்கிய சொற்கள். 1801இல் கர்நாடக நவாபிடமிருந்து ஆட்சியைக் கும்பினியார் எடுத்துக்கொண்ட பிறகும் இந்தச் சொற்கள் அப்படியே நின்றன.

வணக்கச் சொற்கள் நமக்குக் கடல் வழியாக வந்தன. நம் கரைக்கு அரபு வணிகர்கள் வைத்த பெயர் ‘மஅபர்’. ஸர்ஃபு படித்த பிள்ளைகளுக்குத் தெரியும், அபர என்றால் கடந்தான், மஅபர் என்றால் கடக்கும் இடம். தமிழில் ‘கடவு’ என்போம். கடவுச்சீட்டில் இருப்பது அதுவே. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கீஷ், ஏடன் துறைகளிலிருந்து குதிரை ஏற்றி வரும் கப்பல்கள் காயலில் நிற்பதாக எழுதினார். அந்தக் காயல், நம் ஊரிலிருந்து திருச்செந்தூர் சாலையில் தெற்கே போனால் வரும் பழையகாயல் என்று கால்டுவெல் கருதினார். குதிரை வந்த அதே கடல்வழியில்தான் ஒளுவும் பர்ளுவும் வந்தன.

‘ள’ நம் காதின் கோளாறு அல்ல என்பதற்கு வெளியூர்ச் சாட்சியும் உண்டு. மலாய் மொழியில் ‘பெர்லு’ என்றால் தேவை. அது நம் பர்ளுதான். ‘ரெலா’ என்றால் சம்மதம். நாம் ராஜி என்பதும் அதே வேர். ஸ்பெயினில் ஊர்த்தலைவருக்கு ‘அல்கால்தே’ என்று பெயர், அல்காளி என்பதிலிருந்து வந்தது. அங்கேயும் ஒரு ‘ல’ எட்டிப் பார்க்கிறது. 8ஆம் நூற்றாண்டின் இலக்கண மேதை ஸீபவைஹி, ளாத் நாக்கின் ஓரம் கடைவாய்ப் பற்களை ஒட்டிப் பிறக்கிறது என்று எழுதினார். நாக்கின் ஓரத்தில் பிறக்கும் ஒலி அந்நியர் காதில் லகரத்தின் சாயலில் விழுவது இயல்பு.

ஆனால் குர்ஆன் ஓதும்போது இந்தச் சலுகை கிடையாது. அங்கே ‘ள’வும் வேண்டாம், ‘ஜ’வும் வேண்டாம். மக்ரஜை உஸ்தாதின் வாயைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். தமிழ்ப் பேச்சில் புழங்கும் சொல்லுக்கும் ஓதலுக்கும் உள்ள இந்த வேறுபாடு எனக்கே பிந்தித்தான் விளங்கியது. மதரஸாவில் பட்டம் வாங்கி வந்த புதிதில் ஒரு மூதாட்டி “ஒளு முறிஞ்சா என்ன செய்ய?” என்று மஸ்அலா கேட்டார். நான் பதிலைச் சொல்லாமல் உச்சரிப்பைத் திருத்தினேன். அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு என்னிடம் அவர் எதுவுமே கேட்டதில்லை. பின்னாளில் கல்லூரியில் தமிழ் இலக்கணம் படித்தபோதுதான், அவர் சொன்னது பல நூற்றாண்டுப் பழக்கம் உள்ள தமிழ்ச் சொல் என்று உறைத்தது.

கொசுறாக ஓர் இலக்கணக் குறிப்பு. பர்ளு என்பதில் கடைசியில் இருக்கும் உகரம் குற்றியலுகரம் அல்ல. வல்லின மெய்யின் மேல் ஏறினால்தான் அது குறுகும். ரத்து என்பதோ அரபிச் சொல்லாக இருந்தும் நம் முத்து, பத்து போல வன்தொடர்க் குற்றியலுகரமாகவே பொருந்திவிட்டது.

மறுநாள் அந்தப் பையன் வீட்டுப் பெட்டியிலிருந்து அவன் அப்பாவின் பழைய பத்திர நகல் ஒன்றை எடுத்து வந்தான். அதில் ‘அர்ஜி’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, “இதுவும் ளாத்தா ஹஜ்ரத்?” என்றான்.

ஆமாம், அர்ளு. எடுத்து முன்வைத்தல்.