கண்ணுக்குள் வைக்கும் லென்ஸும் கிருமி விலக்கிய வரலாறும்

கண்புரை அறுவைக்கு நாள் குறித்ததும் நம் சங்கத்துப் பெரியவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "வெளியில செஞ்ச லென்ஸை உள்ள வைக்கிறாங்களே, கிருமி போயிடாதா?" நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடிய வரலாறு முக்கால் நூற்றாண்டு நீண்டது.

1949 நவம்பர் 29 அன்று இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி முதன்முதலாகச் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். அது பெர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக். கொதிநீராவியில் வைத்தால் வடிவம் கெடும். எனவே செட்ரிமைடு கரைசலில் ஊறவைத்தார்கள். லென்ஸில் தங்கிவிட்ட மருந்தே கண்ணில் அழற்சியை உண்டாக்கியது. பிறகு வந்தது காஸ்டிக் சோடாவில் இட்டு வைத்து, பொருத்துமுன் சோடியம் பைகார்பனேட் கரைசலில் அலசும் முறை. 1970களின் நடுவில் அமெரிக்காவில் அந்த அலசும் கரைசலிலேயே பூஞ்சை கலந்திருந்து, நோயாளிகளின் கண்களுக்குள் போய்விட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! அதன்பின் எத்திலீன் ஆக்சைடு வாயுவால் தூய்மை செய்து, உறையிலிட்டு மூடிய லென்ஸ்கள் பரவின. மதுரையில் 1992இல் தொடங்கிய ஆரோலேப், லென்ஸை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது.

உறைக்குள் லென்ஸ் சுத்தம். ஆனால் நம் இமையிலும் கண்ணின் மேற்பரப்பிலும் பாக்டீரியா எப்போதும் குடியிருக்கிறது. உள்ளே நுழையும்போது லென்ஸ் அதில் பட்டால், பாக்டீரியா ஒட்டிக்கொண்டு மேலே ஒரு படலம் கட்டிக்கொள்ளும். மருந்து எளிதில் துளைக்காது. ஆகவேதான் அறுவைக்குமுன் கண்ணில் போவிடோன் அயோடின் விடுகிறார்கள். மடிக்கக்கூடிய லென்ஸைச் சிறு குழாய் வழியே, கண்ணின் வெளிப்புறம் படாமல் செலுத்துகிறார்கள்.

அரவிந்த் மருத்துவமனைகளின் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்த கட்டுரை 2017இல் வெளியானது. அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் செலுத்தியபோது, உள்விழித் தொற்று 10,000 பேருக்கு 7 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்தது. அதே அரவிந்தின் மருத்துவமனை 2019 முதல் நம் திருப்பதியிலும் உண்டு.

மிச்சக் காவல் நம் வீட்டில். அறுவை செய்துகொண்ட கையோடு அலிபிரி வழியே மலையேறி, மொட்டை போட்டு, புஷ்கரிணியில் முழுக வேண்டுமென்று பெரியவர்கள் ஆசைப்படுவார்கள். டாக்டர் சம்மதிக்கும்வரை கண்ணில் தண்ணீர் படக்கூடாது. வலி, சிவப்பு, பார்வை மங்கல் எது வந்தாலும், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். அன்றே ஓடுங்கள். வேண்டுதல் காத்திருக்கும், கண் காத்திருக்காது.